அலமாரிக் கதவில் ஒட்டிய வரிசை

காப்பகத்தின் இரும்புக் கதவு காலை ஏழேகாலுக்குத் திறக்கும். ஏழு மணிக்கே வாசலில் நாலைந்து தாய்மார்கள் நிற்பார்கள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பிள்ளையின் பை, தோளில் அலுவலகப் பை, கைப்பேசியை எங்கே வைப்பது? அன்று ஒருத்தி அதைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். வங்கியில் வேலை பார்ப்பவள். அவள் தோளில் இரண்டு வயது மகள் துவண்டு கிடந்தாள்.

பெரியக்கா வந்து பிள்ளையை வாங்கினாள். பெரியக்கா என்பது பட்டப்பெயர்தான். காப்பகத்தை அன்றாடம் நடத்துகிற பொறுப்பு அவளுடையது. பத்தொன்பது வருஷமாக ஊழியர்கள் கூப்பிட்டு, பெற்றவர்கள் கூப்பிட்டு, பேச்சு வராத வாண்டுகள்கூட 'பீக்கா' என்று கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. வாங்கிய வேகத்தில் பிள்ளையின் பின்கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"காலையில மருந்து குடுத்தியா?"

வங்கிக்காரி கைப்பேசியை வாயிலிருந்து எடுத்தாள். "இல்லக்கா... வந்து... ஆமாங்க்கா. ஆனா இப்ப சூடு இல்லையே?"

"இப்ப இல்ல. பதினோரு மணிக்கு வரும். காய்ச்சலை மறைச்சுக் கூட்டிட்டு வந்தா என் கைக்குத் தெரியாதா?"

"பத்து மணிக்கு மேலதிகாரி வர்றாருக்கா. போன மாசமே ரெண்டு நாள் லீவு போட்டாச்சு. இன்னொரு தடவை கேட்டா மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசுவாங்க. மன்னிச்சிடுங்கக்கா."

காய்ச்சல் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறது. பெரியக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரி போ, நான் பாத்துக்கறேன். போன் அடிச்சா மட்டும் எடு. போற வழியில அழுதுகிட்டே போகாத, மை கலைஞ்சிடும்" என்றாள். வங்கிக்காரி சிரித்துக்கொண்டே அழுதாள்.

அந்த வாசல் சுவரில், வண்ண எழுத்தில், 'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று ஒரு பழமொழி எழுதியிருக்கும். முதலாளியம்மாவின் ஏற்பாடு. வருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டு, எவ்வளவு நல்ல இடம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கதையை இங்கேயே நிறுத்திவிட்டால் பெரியக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். நிறுத்த முடியாதே! கட்டடத்தின் பின்பக்கம் சாமான் அறையில் ஒரு மர அலமாரி இருக்கிறது. குழந்தைகளின் மாற்றுத்துணி வைக்கிற அலமாரி. கதவைத் திறந்தால் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மேலே 'விடுப்பு வரிசை' என்று தலைப்பு, கீழே பென்சிலால் ஐந்து பட்டப்பெயர்கள். என்ன விடுப்பு என்று எழுதவில்லை. எழுதக் கை கூசியிருக்கும். சொல்ல எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அங்கே வேலை பார்க்கும் பெண்களில் யார் எப்போது கர்ப்பமாகலாம் என்கிற வரிசை அது.

அது வந்த கதை இப்படி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரே சமயத்தில் மூன்று ஊழியர்கள் பிள்ளைப்பேறு விடுப்பில் போனார்கள். பிள்ளை பார்ப்பவர்கள் மொத்தமே எட்டுப் பேர். தற்காலிகமாக ஆள் போடச் சொன்னதற்கு முதலாளியம்மா உதட்டைப் பிதுக்கினாள். மிச்சமிருந்த ஐந்து பேர் நாற்பது பிள்ளைகளை ஆறு மாதம் இடுப்பிலும் தோளிலும் சுமந்தார்கள். ஒருத்திக்கு முதுகே போய்விட்டது. அந்தக் களைப்பில்தான் பெரியக்காவுக்கு அந்த யோசனை உதித்தது. ஒருத்தி போய்விட்டுத் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவள். கல்யாணத் தேதிப்படி வரிசை. டீயும் பிஸ்கட்டும் வைத்துப் பேசி, எல்லாரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

சமையல்காரம்மா மட்டும் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "பிள்ளைக்கும் டோக்கன் போட்டுட்டீங்களா? நல்லா இருக்குடி உங்க நியாயம்!" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விவகாரமே அதுதான். கட்டாயப்படுத்தியிருந்தால் ஒருத்தியாவது சண்டை போட்டிருப்பாள்.

முதல் இரண்டு பேர் முறைப்படி போய் வந்தார்கள். மூன்றாவது பெயர் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். குழந்தைகள் அவள் முடிக்குள் விரலை விட்டு விளையாடியபடியே தூங்கிவிடும். நான்காவது பெயர் கண்ணாடி. தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவள், வாயில்லாப் பூச்சி. சுருட்டையின் முறை வந்த அதே வாரம் கண்ணாடி சாமான் அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஒரு வருஷத்துக்குள் பேரப்பிள்ளை வராவிட்டால் மகனுக்கு வேறு வழி பார்ப்போம் என்று மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்களாம். சுருட்டை யோசிக்கவே இல்லை. ரப்பரை எடுத்துத் தன் பெயரை அழித்து, கண்ணாடியின் பெயரை மேலே எழுதினாள். பெரியக்கா அவள் முதுகில் தட்டிக் கொடுத்தாள். "உனக்கென்னடி அவசரம், முப்பத்தொண்ணுதானே ஆகுது" என்றாள்.

அது நடந்து ஒன்றரை வருஷம். கண்ணாடிக்கு ஒன்றும் நடக்கவில்லை. வரிசை அங்கேயே நின்றுவிட்டது. முன்னால் இருப்பவள் நகராமல் பின்னால் இருப்பவள் எப்படி நகர்வாள்? மாதா மாதம் எல்லார் கண்ணும் கண்ணாடியின் முகத்தையே மேயும். அவள் ஒருநாள் சாப்பாடு வேண்டாம் என்றால் போதும், "என்ன, ஏதாவது விசேஷமா?" என்று நாலு வாய் கேட்கும். இல்லை என்று அவள் தலையாட்டும்போது நாலு முகமும் தொங்கிப் போகும். அவளுக்குக் குடும்பத்தில் ஒரு மாமியார் என்றால் வேலையிடத்தில் ஐந்தாறு மாமியார்.

சுருட்டையின் வீட்டிலோ வேறு கூத்து. ஞாயிறு தோறும் மாமியார் போனில் வருவாள். "ஊர்ல எல்லாரும் கேக்குறாங்க. உங்ககிட்ட கோளாறா, இல்ல வேணும்னே இருக்கீங்களா? ஒண்ணைச் சொல்லிட்டா நானும் வாயை மூடிக்குவேன்" என்பாள். முறை வரவில்லை என்று மாமியாரிடம் சொல்ல முடியுமா? சொன்னால், எந்தக் கடையில் வரிசை என்று கேட்பாள். கணவன் பேருந்து ஓட்டுநர், நல்லவன், வாய் அதிர்ந்து பேச மாட்டான். "உன் வேலை, உன் உடம்பு, உன் இஷ்டம்மா" என்பான். சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவான். தான் பெருந்தன்மையாக நடந்துகொள்வதாக அவனுக்கு நினைப்பு. இஷ்டம் என்று சொல்லிவிட்டு முழுப் பாரத்தையும் அவள் தலையில் வைத்தது அவனுக்குத் தெரியவில்லை.

இதுதான் அன்றைய நிலவரம். இனி அன்றைக்கு நடந்ததற்கு வருவோம்.

பெரியக்கா சொன்னபடியே பதினோரு மணிக்கு வங்கிக்காரி மகளுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. ஈரத்துணி போட்டு, மருந்து கொடுத்து, தனிப் பாயில் கிடத்தினார்கள். பகல் ஒரு மணிக்குத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் தூங்கவைக்கும் நேரம். காய்ச்சல்காரி மட்டும் எழுந்து நின்று கையை நீட்டி அழுதாள். அவள் கை நீட்டியது சுருட்டையைப் பார்த்து.

சுருட்டை தூக்கவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு, "வா கண்ணு, நீயா வந்து மடியில ஏறிக்கோ" என்றாள். பிள்ளை இன்னும் உரக்க அழுதது.

பெரியக்கா ஒரு வாரமாகவே இதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். சுருட்டை பிள்ளைகளைத் தூக்குவதில்லை. உட்கார்ந்துகொண்டு ஏறச் சொல்கிறாள். அவள் கொண்டுவர வேண்டிய தண்ணீர்க் குடத்தைச் சமையல்காரம்மா எடுத்து வருகிறாள். சோம்பல் என்றுதான் பெரியக்கா நினைத்தாள்.

"தூக்குடி அதை! காய்ச்சல்ல கத்துது, மடியில ஏறு, மரத்துல ஏறுன்னு சொல்லிகிட்டு! பிள்ளையைத் தூக்க முடியாதவ எதுக்கு இங்க வேலைக்கு வர்றே?"

அறையில் மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுருட்டை எழுந்தாள், குனிந்தாள், இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. சமையல்காரம்மா ஓட்டமாக வந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு போனாள்.

"சாமான் ரூமுக்கு வா" என்றாள் பெரியக்கா.

சாமான் அறையில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். சுருட்டை முதுகை அலமாரியில் சாய்த்துக்கொண்டாள். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் வரிசை இருக்கிறது. பெரியக்கா வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. எனக்கு மூணாவது மாசம்."

இந்தச் செய்தியைக் கேட்டதும் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் என்ன சொல்வாள்? கையைப் பிடிப்பாள், கட்டிக்கொள்வாள், சாப்பிட்டியா என்றாவது கேட்பாள். பெரியக்கா விரல்விட்டு மாதம் எண்ணினாள்.

"ஆறு மாசத்துல போயிடுவ. புதுசா தவழுற பிள்ளைங்க ஏழு பேர் வர்ற நேரம் அது. கண்ணாடிக்கு நான் என்னடி பதில் சொல்லுவேன்? அவ முறை இன்னும் முடியல. கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்திருக்கக் கூடாதா?"

"தப்புதாங்க்கா."

"வீட்ல என்ன சொல்றாங்க? வச்சுக்கலாம்னுதானே?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது பெரியக்காவுக்கே உறைத்தது. சொன்ன சொல்லை எச்சில் மாதிரி விழுங்கிவிட முடியாதே. சுருட்டை அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஏப்ரன் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். வேலையை விட்டு நின்றுகொள்வதாக எழுதியிருந்தது. ஒரு வாரமாகப் பையிலேயே கிடந்து மடிப்பு நைந்துபோயிருந்தது.

"இதை வாங்கிக்கோங்கக்கா. நான் போயிட்டா கண்ணாடி முறை அப்படியே இருக்கும். யாருக்கும் தொந்தரவு இல்ல. எனக்கு இந்த வேலை வேணும்தான். அவரு சம்பளம் மட்டும் பத்தாது. ஆனா இந்தத் தடவை என்னால முடியாதுக்கா."

"இந்தத் தடவைன்னா?"

அடுத்த அறையில் யாரோ தாலாட்டுப் பாடுகிற சத்தம் வந்தது.

"போன வருஷம் மூணு நாள் வரலியே, ஞாபகம் இருக்கா? காய்ச்சல்னு சொன்னேன்."

பெரியக்காவுக்கு ஞாபகம் இருந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் மூன்று நாள் நின்றதற்காக, ஈடுகட்ட மூன்று சனிக்கிழமை வரச் சொன்னவளே அவள்தான்.

"அது காய்ச்சல் இல்லக்கா. ரெண்டு மாசமா இருந்துச்சு. கலைஞ்சு போச்சு. ஏன்னு காரணம் சொல்ல முடியாது, சில சமயம் இப்படி ஆயிடும்னு டாக்டர் சொன்னாங்க. உங்களைக் குத்தம் சொல்லலக்கா. கண்ணாடி முறை நடக்குறப்ப நான் எப்படி வாயைத் திறந்து சொல்லுவேன்? அதான் யார்கிட்டயும் சொல்லல. நாலாவது நாள் வந்து ரெட்டைப் பிள்ளைங்களைத் தூக்கிகிட்டு மாடி ஏறினேன்."

"அடிப்பாவி... என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி."

"எப்படிக்கா சொல்லுவேன்?" சுருட்டையின் குரல் உயரவில்லை. "அதைவிட ஒண்ணு இருக்குக்கா. இதை அவர்கிட்டகூடச் சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில, இனிமே இல்லம்மான்னு சொன்னாங்க பாருங்க, அந்த நிமிஷம் எனக்கு முதல்ல அழுகை வரல. அப்பாடா, வரிசை தப்பலைன்னு ஒரு நிம்மதி வந்துச்சு. ஒரே ஒரு நிமிஷம்தான். அப்புறம் அழுதேன், இன்னிக்கு வரைக்கும் அழறேன். ஆனா அந்த ஒரு நிமிஷத்தை என்னால மறக்க முடியல. பெத்தவ நினைக்கிற நினைப்பாக்கா அது? இப்ப இது வயித்துல இருக்குறப்ப, இதுக்கும் அது தெரிஞ்சுடுமோன்னு பயமா இருக்கு."

பெரியக்கா பக்கத்திலிருந்த பொம்மைப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கையில் இருந்த தாளைப் படிக்கவும் முடியவில்லை, திருப்பித் தரவும் தோன்றவில்லை. "போய் உக்காரு. எதையும் தூக்காத" என்று மட்டும் சொன்னாள்.

சுருட்டை போன பிறகு பெரியக்கா வருகைப் பதிவேட்டை எடுத்துப் போன வருஷப் பக்கத்தைப் புரட்டினாள். இருந்தது. சுருட்டையின் பெயருக்கு நேரே மூன்று கட்டங்களில், சிவப்பு மையில், பெரியக்காவின் சொந்தக் கையெழுத்தில், 'காய்ச்சல். முன்னறிவிப்பு இல்லை.' கீழே மூன்று சனிக்கிழமைக்கும் 'ஈடு செய்யப்பட்டது' என்று ஒரு சரிக்குறி வேறு. வாசலில் நின்று, மருந்து கொடுத்து மறைத்த காய்ச்சலைப் புறங்கையால் கண்டுபிடிக்கிறவள் அவள். தினமும் பத்து மணிநேரம் பக்கத்தில் நின்றவளின் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அவளால் மூடவும் முடியவில்லை.

இன்னொன்றும் அவளைக் குடைந்தது. அவளுக்கு ஒரே மகள். இரண்டாவதும் வேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டாள். அடுத்த வருஷம், புதிய அறை திறந்த பிறகு, ஆள் எடுத்த பிறகு என்று தள்ளிக்கொண்டே போய், தள்ள வருஷம் இல்லாமல் போயிற்று. "ஒண்ணே போதும்னு நாங்க முடிவு பண்ணிட்டோம்" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி, தானே அதை நம்பிவிட்டாள். நான் தாங்கிக்கொள்ளவில்லையா, இவர்களும் தாங்கட்டும் என்று உள்ளே எங்கோ ஒரு மூலையில் நினைத்துத்தான் அந்த வரிசையை எழுதினோமோ? இல்லை என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சமையல்காரம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் போலிருந்தது.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"தண்ணிக் குடத்தைத் தூக்காம ஒருத்தி வயித்துல கையை வச்சுகிட்டு நின்னா, நாலு பெத்தவளுக்குத் தெரியாதா? உனக்குத்தான் தெரியல." சமையல்காரம்மா கதவு வரை போய்த் திரும்பினாள். "வாசல்ல எழுதியிருக்கே, ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு. வளர்றது இருக்கட்டும் தாயீ. இங்க அது பொறக்குறதுக்கே உன்கிட்ட அனுமதி வாங்கணுமே."

டீ ஆறிப்போனது.

நாலு மணிக்கு முதலாளியம்மா வழக்கம்போல வந்தாள். அலுவலக அறையில் உட்கார்ந்து, சேர்க்கைக்குக் காத்திருக்கும் ஏழு குழந்தைகளின் விண்ணப்பங்களை எடுத்தாள். பெரியக்கா நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

"சுருட்டையா? இப்ப கண்ணாடி முறைன்னுல்ல சொன்னே?" முதலாளியம்மா நெற்றியைத் தேய்த்தாள். "சரி, லெட்டர் குடுத்திருக்கான்னா வாங்கி வச்சுக்கோ. அவளா போறா, நாம அனுப்பல. வேற பொண்ணு பாத்துக்கலாம்."

"மேடம், இந்த வரிசையே தப்பு."

"என்னைப் பாத்து ஏன் சொல்றே? வரிசை போட்டது நீ. பெத்துக்காதீங்கன்னு நான் எப்பவாவது யாரையாவது சொல்லியிருக்கேனா? நானும் பொம்பளதான், ரெண்டு பெத்தவதான்."

உண்மை. முதலாளியம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே அவளுக்கு வரவில்லை. அவள் வாயால் சொல்லக் கூசியதைப் பெரியக்கா பென்சிலால் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டாள், அதுவும் சம்பளம் வாங்காமல். பெரியக்காவுக்கு முகம் எரிந்தது.

"ஆமா மேடம், போட்டது நான்தான். நாலு வருஷமா உங்களுக்கு ஆள் போடுற செலவை மிச்சம் பண்ணிக் குடுத்தேன். இனிமே பண்ண மாட்டேன்." மடித்த தாளை நாலாகக் கிழித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். "சுருட்டை போக மாட்டா. இன்னிலேருந்து அவளுக்கு உக்காந்து பாக்குற வேலைதான், பிள்ளைங்களுக்குக் கதை சொல்றது, சாப்பாடு ஊட்டுறது. அவ விடுப்புல போறப்ப தற்காலிகமா ஒரு ஆள் போடுங்க. போட மாட்டேன்னா இந்த ஏழு பிள்ளைங்களையும் சேர்க்காதீங்க. சேர்த்தா சேர்க்கைப் படிவத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மிரட்டுறியா?"

"பயந்துகிட்டுத்தான் பேசுறேன் மேடம். கை நடுங்குது பாருங்க."

முதலாளியம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் பெரியக்கா அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. அதுதான் அவளை யோசிக்கவைத்தது. பெரியக்கா போய்விட்டால் நாற்பது தாய்மாரில் பாதிப் பேர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்விடுவார்கள் என்கிற கணக்கும் அவளுக்குத் தெரியும். "ஒரு ஆள் போடுறேன். ஒரே ஒரு ஆள். எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று விண்ணப்பங்களை மூடிவைத்தாள். மனம் மாறிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அன்றைக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

ஐந்தரை மணிக்குப் பிள்ளைகள் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். பெரியக்கா எல்லாரையும் சாமான் அறை வாசலுக்கு வரச் சொன்னாள். அலமாரியைத் திறந்து, தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். நாலு வருஷப் பசை, லேசில் வரவில்லை. கிழிந்து கிழிந்துதான் வந்தது. சுருட்டையின் செய்தியைப் பெரியக்காவே சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கப் பயந்தாள்.

கண்ணாடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "மன்னிச்சிடுங்க. என்னாலதானே எல்லாரும் இப்படி நிக்க வேண்டியதாப் போச்சு" என்று ஆரம்பித்தவள் பாதியில் உடைந்து அழுதாள். சுருட்டை போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவே கண்ணாடி கேட்டாள்:

"இனிமே மாசா மாசம் யாரும் என் முகத்தைப் பாக்க மாட்டீங்கல்ல?"

யாருக்கும் வாய் வரவில்லை. கேட்ட வாய்கள்தானே அத்தனையும்.

பெரியக்கா சுருட்டையின் முன்னால் வந்து நின்றாள். "உன்கிட்ட நான்தான்டி மன்னிப்புக் கேக்கணும். அந்த ஒரு நிமிஷம் உன்னோடது இல்ல. உன் தலைக்குள்ள அதை வச்சவ நான். நீ அதைச் சுமக்காத, என்கிட்ட குடுத்துடு."

பரவாயில்லக்கா என்று அவள் சொல்வாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பெரியக்காவும் எதிர்பார்த்தாள், மனுஷிதானே. சுருட்டை அப்படிச் சொல்லவில்லை.

"அந்த மூணு சனிக்கிழமையும் நான் பஸ்ஸுல அழுதுகிட்டேதான் வந்தேன்க்கா" என்றாள்.

பெரியக்கா தலையசைத்தாள். சில தப்புக்கு மன்னிப்பு உடனே கிடைக்காது. கிடைக்காமல் போனாலும் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

ஆறு மணிக்கு சுருட்டையின் கணவன் வாசலுக்கு வந்தான். இத்தனை வருஷத்தில் அவன் கூட்டிப்போக வந்தது அதுதான் முதல் தடவை. பெரியக்காதான் போன் செய்து வரச் சொல்லியிருந்தாள். "உன் இஷ்டம், உன் இஷ்டம்னு ஒதுங்கி நிக்காதப்பா. ஞாயித்துக்கிழமை உங்க அம்மா போன் பண்ணா, அதை நீ எடு" என்றாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "சரிங்கக்கா" என்றான்.

அவர்கள் கிளம்பும்போது வங்கிக்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். மை கலைந்துதான் இருந்தது.

"மன்னிச்சிடுங்கக்கா, லேட்டாயிடுச்சு. காய்ச்சலோட விட்டுட்டு வேற போனேன். மன்னிச்சிடுங்க."

அன்று காலையிலிருந்து பெரியக்கா இந்தச் சொல்லை எத்தனை தடவை கேட்டுவிட்டாள்! காலையில் இவள், பகலில் சுருட்டை, சாயங்காலம் கண்ணாடி, இப்போது மறுபடியும் இவள். பத்தொன்பது வருஷமாக இதே வாசலில் பிள்ளையை விடவும் கூட்டிப்போகவும் எத்தனையோ தகப்பன்கள் வந்திருக்கிறார்கள். தாமதமாகவும் வந்திருக்கிறார்கள். ஒருத்தன்கூட மன்னிப்புக் கேட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

தூங்கிவிட்ட பிள்ளையை வங்கிக்காரியின் தோளில் சாய்த்து, பின்கழுத்தில் கடைசியாக ஒரு தடவை புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இறங்கியிருந்தது. கதவருகே சுருட்டையும் கண்ணாடியும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வாசல்ல இனிமே எந்தப் பொண்ணும் மன்னிப்புக் கேக்கக் கூடாதும்மா. பிள்ளை பெத்ததுக்கும் கேக்கக் கூடாது, பெறப் போறதுக்கும் கேக்கக் கூடாது. பெத்துக்கறதும் வேணாம்னு இருக்கறதும் எப்பங்கறதும் அவங்கவங்க வீட்டு விஷயம். வேலைக்கு ஆள் பத்தலைன்னா ஆள் போடணும். அந்த ஓட்டையைப் பொண்ணுங்க வயித்தை வச்சு அடைக்கக் கூடாது. அடைக்கச் சொன்னவங்களும், அடைச்சுக் குடுத்தவங்களும்தான் மன்னிப்புக் கேக்கணும். அதுல முதல் ஆளு நான்."